பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் ஏறவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பெயர் வந்துவிட்டால் போதும், சொந்தத்தில் யாருடைய லேப்டாப் படுத்துக்கொண்டாலும் போன் அவனுக்குத்தான் வரும். எனக்கு வரும் போன்களில் பாதிக்குப் பாதி இதுதான்: "அப்டேட் போட்டேன், ஃபெயில்னு வருதுப்பா." இங்கே பேசுவது 2012 முதல் 2017 வரைக்குள் வாங்கிய, விண்டோஸ் 10 ஓடுகிற இயந்திரங்களைப் பற்றி. கேள்விகள் அவர்கள் கேட்டவை. பதில்கள் நான் போனிலும் நேரிலும் சொன்னவை, கொஞ்சம் திருத்தி.

ஃபெயில் ஆகிவிட்டது. மறுபடி 'ரீட்ரை' அழுத்தட்டுமா?

ஒரு முறை அழுத்துங்கள், தப்பில்லை. நெட் ஒரு நொடி விட்டுப் போனதால்கூடத் தோற்றிருக்கலாம். இரண்டாம் முறையும் அதே பிழை எண் வந்தால் கையை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் பத்து முறை அழுத்தினாலும் பத்தாவது முறை அதற்கு மனம் இரங்கப்போவதில்லை. தவிர, பெரிய அப்டேட் என்றால் ஒவ்வொரு முயற்சியிலும் விண்டோஸ் பல ஜிபி அளவுக்கு எழுதி, அவிழ்த்து, அழிக்கிறது. ஏற்கெனவே சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு அது இன்னொரு தள்ளு.

முதல் வேலை பேக்கப். போட்டோ, பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் மார்க் ஷீட், கடைக் கணக்கு, எதெல்லாம் போனால் அழுவீர்களோ அதெல்லாம் ஒரு வெளி டிஸ்க்குக்குப் போகட்டும். அப்டேட் பொதுவாக உங்கள் ஃபைல்களைத் தொடாது, உண்மைதான். ஆனால் 2018 அக்டோபரில் வந்த 1809 பதிப்பு, டாக்குமெண்ட்ஸ் மாதிரியான ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்திருந்த சிலருடைய ஃபைல்களைச் சுத்தமாக அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் வெளியீட்டையே நிறுத்தி, சரிசெய்து, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி விட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே சறுக்கியிருக்கிறது, நமக்கு ஒரு பென்டிரைவ் செலவில் என்ன வந்துவிடப்போகிறது?

ரீஸ்டார்ட் ஆகி ஒரு மணி நேரமாக அதே சதவீதத்தில் நிற்கிறது. பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடலாமா?

அந்தச் சதவீதத்தை நம்பாதீர்கள். அது கடிகாரம் இல்லை, இத்தனையில் இத்தனை வேலை முடிந்தது என்று குத்துமதிப்பாகச் சொல்வது. எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்) போட்ட கம்ப்யூட்டரில் இருபது நிமிடத்தில் முடிவது, பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் மூன்று நான்கு மணி நேரம் எடுப்பது சாதாரணம். திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு டிஸ்க் விளக்கைப் பாருங்கள். விட்டுவிட்டு மின்னுகிறதா, காதை வைத்தால் டிஸ்க் கரகரவென்று ஓடுகிற சத்தம் கேட்கிறதா, அப்படியானால் வேலை நடக்கிறது. ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள்.

விளக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அசையவே இல்லை, காலையிலும் அதே திரை என்றால் மட்டும் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். பெரும்பாலும் அடுத்த முறை அதுவே பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும்.

இதில் பழைய லேப்டாப்புக்கு இன்னொரு வம்பு உண்டு. பேட்டரி செத்துப்போய், சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும் நிலையில் இருக்கும். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. யுபிஎஸ் இருக்கிற அறைக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் உங்கள் தெருவில் மின்தடை அறிவித்திருக்கும் நாளில் ஆரம்பிக்காதீர்கள்.

"மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம், கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் வருகிறதே, கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. ஏற்ற முடியவில்லை, பழையபடி வைத்துவிடுகிறேன் என்று அது சொல்கிறது. நல்ல பிள்ளை. முடிக்க விடுங்கள். உள்ளே போனதும் செட்டிங்ஸில் அப்டேட் பகுதியைத் திறந்து, அப்டேட் ஹிஸ்டரியில் தோற்றுப்போன வரிக்குப் பக்கத்தில் இருக்கும் பிழை எண்ணைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். "ஏதோ எரர் வந்துச்சு" என்று சொன்னால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த எண்ணை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

எல்லா எண்ணையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் திரும்பத் திரும்ப வருபவை நாலைந்துதான். 80070070 என்று முடிந்தால் இடம் போதவில்லை. 80073712 என்றால் விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கிடங்கில் ஏதோ சிதைந்திருக்கிறது. 80072 என்று ஆரம்பித்தால் நெட் பக்கம் பாருங்கள், அதிலும் 80072எஃப்8எஃப் என்றால் முதலில் தேதியைப் பாருங்கள், அதைக் கீழே சொல்கிறேன். சி1900101 என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் ஏதாவது டிரைவர், அதாவது ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்தான் குற்றவாளி. 80070643 என்பது பல காரணத்துக்கு வரும் பொது எண், ஆனால் 2024-இல் அது ஒரு குறிப்பிட்ட வில்லங்கத்துக்காகப் பேர் வாங்கிவிட்டது, அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

சி டிரைவில் 5 ஜிபி காலி இருக்கிறது. அது போதாதா?

மாதாந்திரச் சின்ன அப்டேட்டுக்குச் சில சமயம் போதும். பதிப்பே மாறும் பெரிய அப்டேட்டுக்குப் போதவே போதாது, 64 பிட் விண்டோஸுக்கு 20 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். புதியதை இறக்கவும், அவிழ்க்கவும், தோற்றால் திரும்ப வருவதற்குப் பழையதை அப்படியே வைத்திருக்கவும் இடம் வேண்டும் அல்லவா.

எங்கே இடம் கிடைக்கும்? ஸ்டார்ட்டில் டிஸ்க் கிளீனப் என்று தேடித் திறந்து, 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பட்டனை அழுத்துங்கள். முதல் பட்டியலில் வராத பழைய அப்டேட் மிச்சங்களும், முந்தைய விண்டோஸின் நகலும் அப்போதுதான் தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை. சில பதிப்புகளில் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். நம் ஆட்கள் வாழ்க்கையையே டவுன்லோட்ஸில்தான் வைத்திருப்பார்கள், அந்த டிக்கை எடுத்துவிட்டு மேலே போங்கள்.

அப்புறம் ஹைபர்னேஷன். ரேமில் சுமார் 40 சதவீத அளவுக்கு ஒரு மறை கோப்பு சி டிரைவில் உட்கார்ந்திருக்கும், 8 ஜிபி ரேம் என்றால் மூன்று ஜிபிக்கு மேல். நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் ஹெச் எழுத்தும், மறுபடி இடைவெளி விட்டு ஆஃப் என்று கொடுத்தால் போய்விடும். அப்டேட் முடிந்தபின் அதே வரியில் ஆன் என்று போட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒரு பெரிய ஃபோல்டர் இருக்கும், இவ்வளவு பெரிசாக இருக்கிறதே என்று அதை மட்டும் கையால் அழித்துவிடாதீர்கள். மேலே சொன்ன பாகக் கிடங்கு அதுதான்.

மொத்தமே 32 ஜிபி சேமிப்பிடத்தோடு வந்த சின்ன லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு என் அனுதாபம். பெரிய அப்டேட்டின்போது இடம் இல்லை என்று சொல்லி, வெளி டிஸ்க் செருகச் சொல்லும் திரை வரும். காலியான 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றைச் செருகிவிட்டு, முடியும்வரை பிடுங்காமல் இருங்கள்.

கம்ப்யூட்டர் தேதி தினமும் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது. அதற்கும் அப்டேட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். அப்டேட் சர்வரோடு பேசும்போது கம்ப்யூட்டர் அந்தச் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கும். உங்கள் கம்ப்யூட்டர் இது 2010 என்று நினைத்துக்கொண்டிருந்தால், இப்போது செல்லுபடியாகும் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. இணைப்பை மறுத்துவிடும். பிரவுசரிலும் பாதித் தளங்கள் திறக்காது.

எங்கள் பெரியம்மா வீட்டு டெஸ்க்டாப்பில் இதுதான் நடந்தது. ஒரு கடையில் காட்டியிருக்கிறார்கள், "மதர்போர்டு போச்சும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் போய் மூடியைக் கழற்றி, போர்டில் நாணயம் மாதிரி உட்கார்ந்திருந்த சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினேன். 3 வோல்ட் பேட்டரி, எடை மெஷினுக்கும் கார் சாவிக்கும் போடுவார்களே அதேதான், எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். தேதி நின்றது, அன்று சாயங்காலமே மூன்று அப்டேட் ஏறியது.

நம் ஊரில் இந்தப் பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கு ஒரு காரணம் உண்டு. கம்ப்யூட்டரை அணைத்ததும் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறோம். சுவிட்ச் போட்டிருக்கும்வரை அந்தக் கடிகாரம் கரண்டில் ஓடும், அணைத்துவிட்டால் பட்டன் பேட்டரியில்தான் ஓட வேண்டும். அதற்காகச் சுவிட்சைப் போட்டே வைக்கச் சொல்லவில்லை, இடி மழைக் காலத்தில் அணைப்பதுதான் புத்திசாலித்தனம். சில வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருக்க வேண்டும், ஆனால் யாரும் இதை முதலில் கேட்பதில்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் படித்து, நீலத்தில் 'குட்' அல்லது மஞ்சளில் 'காஷன்' அல்லது சிவப்பில் 'பேட்' என்று காட்டும். மஞ்சள் என்றால் கெட்டுப்போன பகுதிகளை டிஸ்க் ஓரம் கட்ட ஆரம்பித்துவிட்டது, அல்லது படிக்கமுடியாமல் தவிக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட டிஸ்க்கில் அப்டேட் போடுவது, இற்றுப்போன கயிற்றில் இன்னொரு குடம் இறைப்பது மாதிரி. அப்டேட்டை நிறுத்திவிட்டு, கையில் இருப்பதைக் காப்பி எடுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் காப்பியைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள், இன்றே.

டிஸ்க் நீலத்தில்தான் இருக்கிறது, ஆனால் டாஸ்க் மேனேஜரில் எப்போதும் 100 சதவீதம் என்றால் அது நோயில்லை, வயசு. பழைய லேப்டாப்புக்கு நான் சிபாரிசு செய்யும் ஒரே செலவு எஸ்எஸ்டிதான். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 256 ஜிபி இருந்தால் தாராளம். புது லேப்டாப்புக்குச் சேர்த்து வைத்த காசில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து மாற்றலாம், அல்லது புதிதாக விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம். விளங்காத அப்டேட் பிரச்சினைகள் பல இந்த ஒரு மாற்றத்தில் தானாகவே காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இடம் இருக்கிறது, தேதி சரி, டிஸ்க்கும் நலம். இன்னும் ஏறவில்லை. அடுத்து?

இப்போதுதான் விண்டோஸை ரிப்பேர் பார்க்க வேண்டும். பல பேர் இங்கிருந்து ஆரம்பித்து, ஒரு நாள் முழுக்கத் தொலைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள்.

முதலில் செட்டிங்ஸில் இருக்கும் ட்ரபுள்ஷூட்டரை ஓடவிடுங்கள், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், சில நாள் அதுவே போதும். அடுத்தது பாதியில் இறங்கிச் சிதைந்த அப்டேட் கோப்புகளை ஒதுக்குவது. சர்வீசஸ் திரையைத் திறந்து, விண்டோஸ் அப்டேட், பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் என்ற இரண்டு சர்வீஸையும் நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதன் பெயருக்குப் பின்னால் ஓல்ட் என்று சேர்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு முதலிலிருந்து இறக்கும். அப்டேட் ஹிஸ்டரி காலியாகத் தெரியும், பயப்படாதீர்கள், ஏற்கெனவே ஏறியவை அப்படியேதான் இருக்கின்றன, பட்டியல்தான் போனது.

அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டு கட்டளை. கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகியாகத் திறங்கள். முதல் கட்டளை டிஸ்ம் என்ற நாலெழுத்து, பிறகு மூன்று சொல்: ஆன்லைன், கிளீனப்-இமேஜ் (நடுவில் சின்னக் கோடு), ரெஸ்டோர்ஹெல்த். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் இடைவெளியும் சாய்கோடும் வர வேண்டும். இது கிடங்கைச் சரிசெய்யும், கெட்ட பாகத்துக்குப் பதில் நல்லதை நெட்டிலிருந்து கொண்டுவரும். ஏதோ ஒரு சதவீதத்தில் நிமிடக்கணக்கில் நிற்கும், விட்டுவிடுங்கள். முடிந்ததும் இரண்டாவது கட்டளை, எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் என்று சேர்த்து ஒரே சொல். இது கிடங்கிலிருந்து எடுத்து ஓடுகிற விண்டோஸைச் சரிபார்க்கும். வரிசை மாறக் கூடாது, கிடங்கே அழுகியிருந்தால் அதிலிருந்து எடுத்துப் போட்டு என்ன பயன்?

80070643 என்று ஒரே அப்டேட் மட்டும் மாதக்கணக்காகத் தோற்கிறது. மற்றதெல்லாம் ஏறுகிறது.

அந்த அப்டேட்டின் பெயரில் கேபி5034441 என்று இருந்தால், நிம்மதியாக மூச்சு விடுங்கள், தப்பு உங்கள் மேல் இல்லை. 2024 ஜனவரி 9 அன்று வந்தது. விண்டோஸ் கிளம்பாதபோது உதவும் ரிப்பேர் பகுதிக்கான அப்டேட் அது. டிஸ்க்கில் தனியாக இருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனில் அதற்கு 250 எம்பி காலி இடம் வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் அந்தப் பார்ட்டிஷனே சில நூறு எம்பிதான் இருக்கும். இடம் இல்லை என்று நேராகச் சொல்லாமல் சம்பந்தமில்லாத ஒரு பொது எண்ணைக் காட்டியதால், உலகம் பூராவும் ஆட்கள் டிஸ்க்கை மாற்றிப் பார்த்தார்கள், ஃபார்மேட் போட்டுப் பார்த்தார்கள்.

தீர்வு, சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி அந்தப் பார்ட்டிஷனைப் பெரிதாக்குவது. கட்டளைகள் கொண்டு செய்யும் வேலை, ஓர் எழுத்து தப்பினால் டிரைவே போகும். அந்த அப்டேட் அடைத்த ஓட்டை, கம்ப்யூட்டரையே கையில் எடுத்தவன், டிஸ்க்கில் இருப்பதை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கரைத் தாண்டுவது பற்றியது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பிட்லாக்கரே போடவில்லை என்றால் நானாக இருந்தால் அதைத் தொட மாட்டேன். மற்ற அப்டேட்கள் ஏறுகின்றனவா, போதும்.

சி1900101 வருகிறது. டிரைவர் என்கிறார்கள், எந்த டிரைவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க முயலாதீர்கள், எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பிரிண்டர், வெப்கேம், டாங்கிள், வெளி டிஸ்க், வைஃபை குச்சி எல்லாம் வெளியே. கீபோர்டும் மவுசும் மட்டும். வேறு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால், நிறுத்தி வைப்பது பத்தாது, அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அந்த நேரத்துக்கு விண்டோஸின் டிஃபெண்டர் தானாகக் காவலுக்கு வந்துவிடும். அப்புறம் கம்ப்யூட்டர் தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்குக் கடைசியாக வந்த டிஸ்ப்ளே, வைஃபை டிரைவரும் பயாஸ் அப்டேட்டும் இருக்கிறதா பாருங்கள். டிரைவர்களைத் தானாக அப்டேட் செய்து தருகிறேன் என்று வரும் மென்பொருள்களை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பாதிப் பிரச்சினையை அவைதான் கொண்டுவருகின்றன.

ஃபைலும் புரோகிராமும் போகாமல் விண்டோஸை மேலேயே மறுபடி போடலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, எனக்குப் பிடித்த வைத்தியமும் அதுதான். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு விண்டோஸும் ஒரே கோப்பாக அடங்கியது) இறக்குங்கள், அல்லது அவர்களுடைய மீடியா கிரியேஷன் டூல் மூலம் பென்டிரைவ் தயார் செய்யுங்கள். பிறகு, இது முக்கியம், பென்டிரைவிலிருந்து பூட் செய்யாதீர்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து செட்டப்பை ஓட்டுங்கள். ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்ற தேர்வு வரும்.

அந்தத் தேர்வு மங்கலாகத் தெரிந்து அழுத்த முடியவில்லை என்றால் பெரும்பாலும் மொழிதான் இடிக்கிறது. உங்கள் விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்து, இறக்கியது 'இங்கிலீஷ் இன்டர்நேஷனல்' என்ற பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால் இரண்டும் சேராது. நாம் இந்தியாவில் இருப்பதால் இன்டர்நேஷனல்தான் நமக்கு என்று நினைத்து அதை இறக்குகிறவர்கள் நிறையப் பேர். அழுத்த முடியாத நிலையில் பொறுமையிழந்து 'எதுவும் வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், ரத்து செய்துவிட்டுச் சரியான மொழியை இறக்குங்கள்.

கடையில் போட்டுக் கொடுத்த விண்டோஸ். அப்டேட் பக்கமே திறக்கவில்லை.

அது மைக்ரோசாஃப்ட் கொடுத்த விண்டோஸாக இல்லாமல் இருக்கலாம். பழைய கம்ப்யூட்டரில் வேகமாக ஓடும் என்று சொல்லி, யாரோ பாகங்களைப் பிய்த்தெடுத்த 'லைட்' விண்டோஸ்களைக் கண்ட கண்ட இடத்திலிருந்து இறக்கிப் போட்டுக் கொடுக்கிறார்கள். அதில் அப்டேட் சர்வீஸையே வெட்டியிருப்பார்கள். இல்லாத பாகத்தை அப்டேட் எப்படிப் புதுப்பிக்கும்? இதற்கு மேலே சொன்ன எந்தக் கட்டளையும் பலிக்காது. வேறென்ன உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது, அதில் நெட் பேங்கிங் செய்யாதீர்கள். அசல் ஐஎஸ்ஓ வைத்துச் சுத்தமாகப் போட்டுவிடுங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது, ஆக்டிவேட் செய்யாத அசல் விண்டோஸ் 10-கூட அப்டேட் வாங்கிக்கொள்ளும். வால்பேப்பர் மாற்ற விடாது, மூலையில் எழுத்து காட்டும், அவ்வளவுதான்.

அப்டேட் ஏறியது, ஆனால் இப்போது கம்ப்யூட்டரே கிளம்பவில்லை.

விண்டோஸ் சின்னம் வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி அடுத்தடுத்துக் கிளம்ப விடாமல் செய்தால், அடுத்த முறை அதுவே நீலத் திரையோடு ரிப்பேர் பகுதிக்குள் போகும். அதில் ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். மாதாந்திர அப்டேட்டால் வந்தது என்றால் 'குவாலிட்டி அப்டேட்'டை நீக்குங்கள், பதிப்பு மாறியதால் என்றால் 'ஃபீச்சர் அப்டேட்'டை. இரண்டாவதற்கு 10 நாள்தான் கெடு, அதற்குப் பிறகு பழைய விண்டோஸின் நகலை அதுவே அழித்துவிடும்.

48 இலக்க எண் ஒன்றைக் கேட்டால் டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருக்கிறது. போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அந்த எண் அங்கே சேமித்திருக்கும்.

போன் ஹாட்ஸ்பாட்டில்தான் நெட். டேட்டா எல்லாம் தீர்ந்துவிடுகிறதே?

அந்த வைஃபையின் பண்புகளில் 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை ஆன் செய்யுங்கள், பெரும்பாலான அப்டேட்களைக் கேட்காமல் இறக்காது. மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அப்டேட்டை மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அன்று விடுகிறது, நமக்கு அது செவ்வாய் ராத்திரி. அந்த வாரக் கடைசியில் யாராவது பிராட்பேண்ட் வைத்திருக்கும் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள், காபியும் கிடைக்கும்.

விண்டோஸ் 10-க்கு ஆதரவே முடிந்துவிட்டதே. இவ்வளவு பாடுபட்டு எதற்கு?

நியாயமான கேள்வி. 2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்தது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருகிற நீட்டிப்புத் திட்டம் ஒன்று உண்டு. செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் காசில்லாமல், அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளுக்கு, அல்லது 30 டாலருக்கு. சேர்வதற்கான இணைப்பு அப்டேட் பக்கத்திலேயே வரும்.

இங்கேதான் சிக்கல்: அதில் சேர உங்கள் விண்டோஸ் 10 கடைசிப் பதிப்பான 22ஹெச்2-இல் இருக்க வேண்டும். வருடக்கணக்காக அப்டேட் தோற்றுத் தோற்று 1909, 2004 என்ற எண்ணுள்ள பழைய பதிப்புகளில் நின்றுபோன கம்ப்யூட்டர்களுக்குக் கதவே திறக்காது. இத்தனை பாடும் அந்தப் படியில் ஏறத்தான். அதற்கு மேலே சொன்ன ஐஎஸ்ஓ வழியே போதும், நடுவில் இருக்கும் பதிப்புகளை ஒவ்வொன்றாக ஏற வேண்டியதில்லை.

அப்படியானால் நேராக விண்டோஸ் 11 போட்டுவிட்டால்?

டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (கிளம்பும்போதே நம்பகமான மென்பொருளா என்று பார்க்கும் வசதி), இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை புராசஸர் கேட்கும். 2017-க்கு முன் வாங்கியது இந்தத் தேர்வில் தேறாது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் சோதனையைத் தாண்டிப் போடலாம், போட்டும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தரவில்லை. மாதாந்திர அப்டேட் வரும், பதிப்பு மாறும்போதெல்லாம் மறுபடி நீங்களே கையால் ஏற்ற வேண்டும். கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் அதையும் மறந்துவிடலாம், விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்புக்கு வேண்டிய கட்டளைகளே அந்தச் சிப்பில் இல்லை, என்ன தாண்டினாலும் கிளம்பாது.

அப்டேட் பிரச்சினையிலிருந்து தப்பிக்க வந்தவரை இன்னொரு அப்டேட் பிரச்சினையில் இறக்கிவிடுவதாகத்தான் எனக்கு இது படுகிறது. பிரவுசர், மெயில், யூடியூப், கொஞ்சம் டைப்பிங், இவ்வளவுதான் வேலை என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் போட்டு, டிஸ்க்கைத் தொடாமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். 22 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது, 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ வகையை எடுங்கள். டாலியோ, வரிக் கணக்கு தாக்கல் செய்ய டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோ வைத்திருப்பவர்கள் அவை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேசாமல் அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்திவிட்டால் என்ன?

வேண்டாம். அவசரம் என்றால் செட்டிங்ஸிலேயே 35 நாள் வரை தள்ளிப்போடலாம். பரீட்சை, ஆடிட்டிங் சமயத்தில் அது ரொம்ப உதவி.

எதுவுமே ஆகவில்லை. ஃபார்மேட் போட்டுவிடலாமா?

டிஸ்க் நலமாக இருந்து, பேக்கப் கையில் இருந்து, மேலேயே போட்டுப் பார்த்தும் தோற்றிருந்தால், தாராளமாக. மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொறுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், பிரிண்டர் மாடலையும், வைஃபை பாஸ்வேர்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் ஞாபகம் வரும், இவை மூன்றும் வராது. வைஃபை டிரைவரை முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் போடுங்கள், சில பழைய லேப்டாப்பில் புது விண்டோஸுக்கு வைஃபை சிப்பே தெரியாமல், டிரைவர் இறக்க நெட் இல்லை, நெட் வர டிரைவர் இல்லை என்று நிற்கும். விண்டோஸ் கீ எங்கே என்று தேடி அலைய வேண்டாம், ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன அசல் விண்டோஸ் 10 என்றால் மதர்போர்டை வைத்து அதுவே அடையாளம் கண்டுகொள்ளும், கீ கேட்கும் திரையில் 'என்னிடம் கீ இல்லை' என்பதை அழுத்திவிட்டு, முன்பிருந்த அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் போய்க்கொண்டே இருங்கள்.